இலக்கு

வில்லாளி குறிவைத்த இடத்தை உணர்த்தும் இச்சொல்லை வடமொழி ‘லக்ஷ்ய’த்தோடு இணைப்பார் பலர், தமிழ் வேரே காட்டுவாரும் உளர். எவ்வாறாயினும், எண்ணைக் குறிக்கும் ‘இலக்கம்’ ஒலியிலும் உறவிலும் இதற்கு அணித்தாய் நிற்பது கவனிக்கற்பாலது; எனினும் இலக்கமே இலக்கு ஆகிவிடாது.

1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றிய கொடைக்கானலில், உள்ளாட்சியிற் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், தலைமைப் பயிற்சி அளிப்போர் வருகைப்பதிவேட்டுக் கையெழுத்துகளைக் கூட்டித் திருப்தியுறுவாராயின் (பயிற்சித்துறையின் நெடுநாள் வியாதி இது), அவர் எண்ணியது எய்த அம்புகளையே. பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலைச் சிற்றூர்களில் பயிற்சிபெற்ற மகளிருள் எத்தனைபேர், ஓராண்டுக்குள், கணவர் குறுக்கீடின்றிக் கிராமசபையை நடத்தி, வரவுசெலவுக் கணக்கைத் தாமே வாசித்து, கேள்விகளுக்கும் விடையிறுக்க வேண்டும் என வரையறுப்பதே பயிற்சியாளருக்குரிய இலக்கு.