மெத்தைத் துணியும் இடது பக்க ஸ்பீக்கரும்

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். சாமான்களை நகர்த்தியபோது, பல வருடங்களாகப் பூச்சாடி தாங்கிக்கொண்டு நின்ற இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வெளியே வந்தன. "பழைய சாமான்காரரிடம் போட்டுடலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை. நான் பதில் சொல்லும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுல இடது பக்கம் மட்டும்தான் மோசம். முப்பது வருஷமா சொல்றேன், யார் கேட்டா?"

சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், உண்மை. 1985 தீபாவளி போனஸில் வாங்கிய பெட்டிகள் அவை. பதினோரு வருடம் கழித்து இடது பெட்டி கரகரத்தது. ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன் (பெயர் வேண்டாம்). "காயில் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்று சொல்லி, அதே எட்டு அங்குலத்தில் வேறொரு டிரைவரைப் பொருத்திக் கொடுத்தார்கள். சத்தம் நன்றாகவே வந்தது, முன்பைவிடக் கூடுதலாகக்கூட. ஆனால் என் மனைவி இரண்டு நாள் கேட்டுவிட்டு, "இந்தப் பக்கம் மிருதங்கத்துல தொப்பியே கேக்கலீங்க, வலந்தலை மட்டும்தான் கேக்குது" என்றாள். உனக்குப் பிரமை என்று சொல்லிவிட்டேன். நான் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்த்தவன், அவள் பாட்டு மட்டும் கற்றவள். அந்தத் திமிர்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. பெட்டிக்குள் காந்தம், கம்பிச் சுருள், காகிதக் கூம்பு எல்லாம் சேர்ந்த அந்த வட்டமான உறுப்புக்குத்தான் அந்தப் பெயர். நாம் பெட்டியையும் சேர்த்து ஸ்பீக்கர் என்கிறோம். இரண்டும் தனித்தனி என்றும், ஒன்று இன்னொன்றோடு பொருந்தியாக வேண்டும் என்றும் உலகம் புரிந்துகொள்ளவே ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் வீட்டு வழக்கில் தீர்ப்பு யார் பக்கம் என்று எனக்கு விளங்கியது.

காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் அது முன்னும் பின்னும் அசையும். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் சீமென்ஸ் 1874-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதில் செலுத்திப் பார்க்க அப்போது பாட்டு ஏது, ஆம்ப்ளிஃபயர் ஏது? 1915-இல் டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அந்தச் சுருளை ஒரு குழாயோடு இணைத்து ஊருக்கே கேட்கும்படி செய்தார்கள். 1919-இல் ஜனாதிபதி வில்சன் சான் டியாகோவில் பெருங்கூட்டத்தின் முன் பேசியது இவர்கள் கருவி வழியாகத்தான். நம் கல்யாண வீட்டுக் கூரைகளில் கட்டிய குழாய்க்கு இதுவே மூதாதை. தூரத்துக்குக் கேட்கும், ஆனால் அடிநாதம் இருக்காது.

வீட்டுக்கு ஏற்ற ஒலிபெருக்கி 1925-இல் வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் குழாயே இல்லாத, சிறிய காகிதக் கூம்பு வைத்த ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்று உங்கள் டி.வி.யில், காரில் இருப்பதெல்லாம் அடிப்படையில் அதுதான். அவர்கள் கண்டுகொண்ட சூட்சுமம் இது: எந்தக் கூம்புக்கும் இயல்பாக அதிர விரும்பும் ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதியை மிகக் கீழே தள்ளிவைத்தால், அதற்கு மேலுள்ள ஒலிகளைக் கூம்பு சீராகத் தரும். கீழே தள்ள இரண்டு வழி. கூம்பின் எடையைக் கூட்டலாம், அல்லது விளிம்பைத் தளர்வாக்கலாம். மிருதங்க வித்வான்கள் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது எதற்காக? எடை கூடினால் சுருதி இறங்கும் என்பதால்தானே! விஷயம் அதே விஷயம்தான்.

ஆரம்பத்தில் நல்ல நிரந்தரக் காந்தம் கிடையாது. மின்காந்தம் வைத்தார்கள். பழைய வால்வு ரேடியோக்களில் அந்தக் காந்தச் சுருளே மின்சாரத்தின் உறுமலை வடிகட்டும் வேலையையும் பார்த்தது. ஆகவே அந்தச் சுருள் அறுந்தால் ரேடியோவே ஊமை. பிறகு கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம் வந்தது. 1978-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், கோபால்ட் கிடைக்கும் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு விலை எகிறியதும் பல கம்பெனிகள் ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. எங்கோ நடக்கும் சண்டை நம் ஹாலில் இருக்கும் பெட்டியின் பின்பக்கத்தை மாற்றுகிறது பாருங்கள்.

நான் சொல்ல வந்தது எட்கர் வில்ச்சர் என்பவரைப் பற்றி. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அந்தக் காலத்தில் ஆழமான அடிநாதம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். கூம்பை இழுத்துப் பிடித்து வைப்பது விறைப்பான விளிம்பு. அது கொஞ்ச தூரம் ஒழுங்காக அசையும், அதிகம் அசைந்தால் திணறி ஒலியைக் கெடுக்கும். வில்ச்சர் தலைகீழாக யோசித்தார். விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிடுவோம். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவோம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றே ஸ்பிரிங்காக இருந்து கூம்பைத் திருப்பித் தள்ளட்டும். காற்றைவிட ஒழுங்கான ஸ்பிரிங் எது?

முதல் மாதிரியைச் செய்ய ஒரு டிரைவரின் விறைத்த விளிம்பை எடுத்துவிட்டு, தளர்வான விளிம்பு ஒன்றைப் பொருத்த வேண்டும். அதற்கு அவர் மனைவி ரோஸ்மேரி மெத்தை உறைத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் வரைபடம் வரையும் வேலை தெரிந்தவர். ஆக, வீட்டு ஒலிபெருக்கியின் வரலாற்றையே திருப்பிய அந்த டிரைவர் மாற்றத்தில் மனைவியின் ஊசி நூலுக்கும் பங்கு உண்டு. (இந்தப் பகுதியை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அவர் கேட்டாரு இல்ல" என்றாள்.)

பெரிய கம்பெனிகள் இந்த யோசனையை வேண்டாம் என்றன. தன்னிடம் படித்த ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து வில்ச்சர் 1954-இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். இரண்டு கன அடிக்கும் குறைவான பெட்டியிலிருந்து ஆர்கன் வாத்தியத்தின் அடி ஸ்வரங்கள் வந்ததும் ஜனங்கள் அசந்துபோனார்கள். 1958-இல் வந்த அவர்களுடைய ஏஆர்-3 இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஆனால் எந்த டிரைவருக்கு எத்தனை கொள்ளளவுள்ள பெட்டி என்று கணக்குப் போட்டுச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், துளை வைத்த பெட்டிகளுக்கு அந்தக் கணக்கை எழுதினார். அது ஆஸ்திரேலியப் பத்திரிகையில் வந்ததால் பத்து வருடம் உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971-இல் அமெரிக்காவில் மறுபிரசுரமானது. சிட்னியில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து, மூடிய பெட்டிகளுக்கும் சேர்த்து முழுமையாக்கினார். கூம்பின் இயல்புச் சுருதி என்ன, அதன் விளிம்பின் தளர்ச்சி எத்தனை லிட்டர் காற்றின் தளர்ச்சிக்குச் சமம், அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற மூன்றும்தான் முக்கியம். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். அளவு எட்டு அங்குலம் என்பது மாப்பிள்ளையின் உயரம் மட்டுமே.

இப்போது என் பெட்டிகளுக்கு வருகிறேன். முன்துணியைக் கழற்றினேன். வலது பக்க டிரைவரின் ஃபோம் விளிம்பு விரல் பட்டதும் சத்துமாவாக உதிர்ந்தது. வில்ச்சர் வழியில் வந்த பெட்டிகளுக்குப் பின்னாளில் துணிக்குப் பதில் பாலியூரிதேன் ஃபோம் போட ஆரம்பித்தார்கள். அது காற்றின் ஈரத்தாலேயே சிதைந்துவிடும், நம் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். பழைய துணி விளிம்புகள் பல இன்றும் உழைக்கின்றன. இடது பக்கத்தில் கடைக்காரர் போட்டிருந்தது மடித்த காகித விளிம்பு, கல் மாதிரி விறைப்பு. விறைத்த விளிம்பு ஏற்கெனவே ஒரு ஸ்பிரிங். அதோடு மூடிய பெட்டியின் காற்றும் சேர்ந்தால் சுருதி மேலே ஏறிவிடும், அதற்குக் கீழே உள்ள ஒலி கரைந்துவிடும். தொப்பி எங்கே கேட்கும்? அவள் காது சொன்னது அட்சர சுத்தம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அன்று கழற்றிய பழைய டிரைவரை, "காசு கொடுத்து வாங்கினது, கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று அவள்தான் சொல்லியனுப்பினாள். பரணில் பேப்பர் சுற்றி அப்படியே இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறு ஓம். எட்டு ஓம் டிரைவர் மீட்டரில் அப்படித்தான் காட்டும். காயில் போகவே இல்லை! அன்று போனது ஃபோம் மட்டும். விளிம்பு கிழிந்து, கூம்பு சாய்ந்து, சுருள் காந்தத்தில் உரசியிருக்கிறது. அந்தக் கரகரப்பை நம்பி நல்ல டிரைவரைக் கழற்ற நான் பணமும் கொடுத்திருக்கிறேன்.

புதிய ஃபோம் வளையங்களை மகள் ஆன்லைனில் வரவழைத்தாள். பழைய பசையை ஸ்பிரிட் போட்டுச் சுரண்ட மட்டும் இரண்டு மதியங்கள் பிடித்தன. கஷ்டமான வேலை சுருளை இடைவெளியின் நடுவில் நிறுத்துவது. கூம்பின் நடுவில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் செருகி, விளிம்பை ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு துண்டுகளை உருவ வேண்டும். ஃபிலிமுக்கு எங்கே போவது? என் முழங்கால் எக்ஸ்ரே உதவியது. கடைசியில் ஒரு டார்ச் பேட்டரியைத் தொட்டு, இரண்டு கூம்பும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்த்தேன். ஒன்று மாறியிருந்தாலும் இரண்டு பெட்டிகளின் அடிநாதமும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பெட்டியில் வைத்துத் திருகிய பின் கூம்பை மெல்ல அழுத்திவிட்டேன். சட்டென்று திரும்பாமல், நிதானமாக எழுந்து வந்தது. உள்ளே காற்று இருக்கிறது, ஓட்டை இல்லை.

பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த ஒரு பழைய கச்சேரியைப் போட்டேன். அவள் அடுக்களையில் இருந்தாள். தனி ஆவர்த்தனம் வந்ததும் ஈரக் கையோடு வந்து இடது பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "நாளைக்கு எம்.டி.ஆர். போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கடைக்காரர் போட்ட டிரைவரைத் தூக்கி எறியவில்லை. அதே பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பூச்சாடிகளுக்குத்தான் இப்போது இடம் தேட வேண்டியிருக்கிறது.