25 சென்ட் கூலிக்கு வானத்தை எண்ணியவர்கள்

கம்ப்யூட்டர் என்ற சொல் இயந்திரத்துக்குப் பெயராவதற்கு முன்னால் ஒரு வேலையாளுக்குப் பெயராக இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள் என்று பொருள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக வானாய்வகத்தில் 1880களிலிருந்து அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி மணிக்கு 25 சென்ட். வாரத்துக்கு ஆறு நாள் வேலை.

இரவில் தொலைநோக்கியில் நின்றவர்கள் ஆண்கள். குளிரும் இருட்டும் பெண்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆண்கள் கண்ணாடித் தகடுகளில் வானத்தைப் படம் பிடித்தார்கள். பகலில் அந்தத் தகடுகளைச் சாய்வுச் சட்டத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தவர்கள் பெண்கள். நெகட்டிவ் என்பதால் வானம் வெளுப்பாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும் தெரியும். ஒருத்தி பார்த்துச் சொல்ல இன்னொருத்தி எழுதுவாள். பிரகாசத்தை அளக்க, தெரிந்த அளவுள்ள நட்சத்திரப் புள்ளிகள் பதிந்த ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் கைப்பிடியில் செருகி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ‘ஈ அடிக்கும் மட்டை’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். கருவிக்கு வைத்த பெயர் சிரிப்பு வரவழைக்கிறது. அந்தப் பெண்களுக்கு வெளியே வைத்த பெயர் அப்படியில்லை. இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் ‘அந்தப்புரம்’ என்றார்கள். வேலையைப் பறிக்க முடியாத இடத்தில் மரியாதையைப் பறிக்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல.

இவர்களில் வில்லியமினா பிளெமிங் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆண் உதவியாளர்களின் வேலையில் எரிச்சலடைந்த பிக்கரிங், ‘என் வீட்டு வேலைக்காரி இதைவிட நன்றாகச் செய்வாள்’ என்று சொல்லி அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாராம். கதை உண்மையோ இல்லையோ, அது யாருடைய பெருமையைப் பேசுகிறது என்று பாருங்கள். முதலாளியின் தாராள மனதைத்தான். பிளெமிங் ஸ்காட்லாந்தின் டண்டீ ஊரில் 1857இல் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கியவர். அமெரிக்கா வந்தபின் கர்ப்பமாக இருந்த நிலையில் கணவன் கைவிட்டதால்தான் பிக்கரிங் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனாலும் இன்றுவரை அவர் ‘வேலைக்காரியாக இருந்து விஞ்ஞானியானவர்’தான். ஆசிரியையாக இருந்து வேலைக்காரியாக ஆக்கப்பட்டவர் என்று யாரும் தொடங்குவதில்லை. ஒருமுறை ஒட்டிய தொழில் பெயர் எவ்வளவு லேசில் உரியாது என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1890இல் வெளிவந்த பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நிறமாலையை வகைப்படுத்திய வேலையில் பெரும்பகுதி பிளெமிங்குடையது. 1888இல் எடுத்த ஒரு தகட்டில் ஓரியன் பகுதியில் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டு குறித்ததும் அவர்தான். இன்று குதிரைத்தலை நெபுலா என்று காலண்டர்களில் அச்சாகும் அதே படம். ஆனால் டிரையர் தொகுத்த 1895 அட்டவணையில் அந்தக் கண்டுபிடிப்பு பிக்கரிங் பெயரில் ஏறியது.

1900இல் ஹார்வர்டு ஊழியர்கள் தங்கள் அன்றாடத்தை எழுதிவைத்தபோது பிளெமிங்கும் எழுதினார். சம்பள உயர்வு பற்றி இயக்குநரிடம் பேசியதையும், பெண்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அவருடையது நல்ல சம்பளம் என்று பதில் வந்ததையும் அதில் பதிந்திருக்கிறார். அவருக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். சில ஆண் உதவியாளர்களுக்கு 2,500. ஆண்களைப் போலவே வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தனக்கும் இருப்பது இயக்குநருக்குத் தெரியாதா என்பது அவருடைய கேள்வி.

பணம் இல்லாமல் இல்லை. தொலைநோக்கி வாங்க கேத்தரின் புரூஸ் என்ற செல்வந்தர் 1889இல் 50,000 டாலர் கொடுத்தார். மணிக்கு 25 சென்ட் என்றால் அது இரண்டு லட்சம் மணி நேரக் கூலி. நாளுக்கு ஏழு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று கணக்கிட்டால், ஒரு பெண் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் உழைத்தால் ஒரு தொலைநோக்கி.

அந்தத் தொலைநோக்கி போய்ச் சேர்ந்தது பெரு நாட்டின் அரெகிப்பா ஊருக்கு. தெற்கு வானத்தைப் படம் பிடிக்க ஹார்வர்டு அங்கே ஒரு நிலையம் வைத்திருந்தது. பக்கத்திலுள்ள எல் மிஸ்தி எரிமலையின் உச்சியில், ஏறத்தாழ 5,800 மீட்டர் உயரத்தில், 1893இல் வானிலை நிலையமும் அமைத்தார்கள். அங்கே சாமான்களைக் கொண்டுசேர்த்தவர்கள் கோவேறு கழுதைகளும் உள்ளூர்ப் பழங்குடிச் சுமையாட்களும். பாஸ்டன் பெண்களுக்காவது பின்னாளில் பெயர் கிடைத்தது. இவர்கள் எந்த நட்சத்திரப் பட்டியலிலும் இல்லை. பெண்களின் கதையை மட்டும் கொண்டாடும் புத்தகங்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

அரெகிப்பாவிலிருந்து கப்பலேறி வந்த தகடுகளில்தான் ஹென்ரியட்டா லெவிட் சிறிய மெகல்லன் மேகத்தின் மாறொளி நட்சத்திரங்களைத் தேடினார். அவற்றில் 25ஐ எடுத்துக்கொண்டு, பிரகாசம் கூடிக் குறைய எவ்வளவு நாள் எடுக்கிறதோ அந்த அளவுக்கு நட்சத்திரத்தின் உண்மையான ஒளியும் அதிகம் என்று காட்டினார். வானத்தின் தூரத்தை அளக்க அதுவே கோலாயிற்று. ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கிறது என்று ஹப்பிள் பின்னர் நிறுவியது அந்தக் கோலை வைத்துத்தான். 1912இல் வந்த அந்த அறிக்கையின் கீழே கையெழுத்து பிக்கரிங்குடையது. தயாரித்தவர் மிஸ் லெவிட் என்று முதல் வரியில் ஒரு குறிப்பு உண்டு, அவ்வளவுதான். லெவிட் 1921இல் புற்றுநோயால் இறந்தார். அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க நினைத்து 1925இல் ஸ்வீடனிலிருந்து ஒரு கணித அறிஞர் கடிதம் எழுதினார். அவர் இறந்துபோனதுகூட அந்த அறிஞருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதே 1925இல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் மிக அதிகம் இருப்பது ஹைட்ரஜன் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். அங்கேயே தொடர்ந்து வேலை பார்த்தார், பாடமும் நடத்தினார். துறையின் கணக்குப் புத்தகத்தில் அவருடைய சம்பளம் ‘கருவிகள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டது. பேராசிரியர் பதவி வந்தது 1956இல்.

தகடுகள் இன்னும் ஹார்வர்டில் இருக்கின்றன, சுமார் ஐந்து லட்சம். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் அந்தப் பெண்களின் மைக் குறிகள்: வட்டங்கள், அம்புகள், எண்கள். இந்த நூற்றாண்டில் தகடுகளை ஸ்கேன் செய்யத் தொடங்கியபோது அந்த மை நட்சத்திரங்களை மறைத்தது. குறிகளை முதலில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு, முக்கியமானவை என்று ஒதுக்கிய சில தகடுகள் தவிர மற்றவற்றின் கண்ணாடியைத் துடைத்துவிட்டார்கள்.