ஒட்டுப்போர்வையும் பெண்களின் அறிவுப் பரிமாற்றமும்: ஐக்கிய அமெரிக்க வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் தறியையும் உலையையும் ஆலையையும் பற்றி விரிவாக எழுதுவர். வீட்டினுள் ஊசியும் நூலுமாக இருந்த பெண்களைக் குறிப்பிட நேரும்போதோ 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லோடு அமைந்துவிடுவர். கூலி பெறாத உழைப்பு பொருளியற் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆதலால் வரலாற்றுக் கணக்கிலும் அது விடுபட்டுப் போயிற்று. எனினும், ஒருவருக்கொருவர் நுட்பம் சொல்லிக்கொடுத்தும், மாதிரி வெட்டிக்கொடுத்தும், தளர்ந்தவரை ஊக்கியும் வந்த பெண்களின் தொடர்பு ஒரு சமூக நிறுவனமாகவே இயங்கிற்று. அதனால் விளைந்த பயன் யாரைச் சேர்வது என்பதிலும் முரண்பாடுகள் எழுந்தன. ஐக்கிய அமெரிக்காவின் ஒட்டுப்போர்வைத் தையலைக் கொண்டு இதனை நோக்குவோம்.

ஒட்டுப்போர்வை மூன்று படைகளைக் கொண்டது. மேற்படை துணித்துண்டுகளை இணைத்துத் தைத்தது, கீழ்ப்படை முழுத்துணி, இடையே பஞ்சு. இம்மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக நூலோட்டும் வேலைக்கே கைகள் பல வேண்டும். ஒருத்தி குளிர்கால இரவுகளில் தனியே இருந்து மேற்படையைத் தைத்து முடிப்பாள். பின்னர் அதனை மரச்சட்டமொன்றில் இழுத்துக் கட்டி அயலவரை அழைப்பாள். சட்டத்தைச் சுற்றியமர்ந்து அவர்கள் தைப்பர். இக்கூட்டுத்தையலைத் தேனீயைக் குறிக்கும் சொல்லாலேயே அமெரிக்கர் வழங்கினர். இளம்பெண்கள் ஊசி பிடிக்கப் பழகியதும், முதியோர் தம் கைந்நுட்பத்தைக் கையளித்ததும், பிள்ளைப்பேறும் நோயும் வீட்டுத் துயரும் பேசப்பட்டதும் இச்சட்டத்தைச் சுற்றியே. தையல் செம்மையற்றவளைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பகடியும் வழங்கிற்று. ஊக்கத்தோடு கண்டிப்பும் அங்கு இருந்ததென்பதற்கு அப்பகடி போதும்.

இக்காட்சியை ஆதிக் குடியேறிகளது எளிய வாழ்வின் சின்னமாகப் போற்றும் மரபொன்று அமெரிக்காவில் உண்டு. அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. 18ஆம் நூற்றாண்டில் துணி விலைமிக்க பொருள். அக்காலப் போர்வைகள் பெரும்பாலும் வசதியுள்ள வீடுகளுக்கே உரியவை. மசசூசெற்ஸின் லோவெல் போன்ற ஆலைநகர்கள் எழுந்து, 1830களின் பின்னர் அச்சிட்ட பருத்தித்துணி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோதே சாதாரண வீடுகளிலும் ஒட்டுப்போர்வை பரவியது. அவ்வாலைகளுக்கான பருத்தியோ தென்மாநிலங்களில் அடிமைகள் விளைவித்தது. அடிமைகளும் தம் இரவுகளிற் கூடிப் போர்வை தைத்தனர் என்பதை, முன்னர் அடிமைகளாயிருந்தோரிடமிருந்து 1936 முதல் 1938 வரை திரட்டப்பட்ட வாய்மொழிச் சான்றுகள் காட்டுகின்றன. ஒரே பருத்தி இரு வேறு சட்டங்களில், இரு வேறு நிலைமைகளின் கீழ், தைக்கப்பட்டது.

வடமாநிலப் பெண்களிற் சிலர் இம்முரண்பாட்டை உணர்ந்தே இருந்தனர். பொஸ்ரன் பெண்கள் 1834 தொடக்கம் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு நிதிதிரட்டச் சந்தைகளை நடத்தினர். 1836ஆம் ஆண்டுச் சந்தையில் விற்கப்பட்ட தொட்டிற் போர்வையொன்று இன்றும் பேணப்படுகின்றது. பிள்ளையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயை நினைந்து பார்க்குமாறு, போர்வையை வாங்கும் தாயை வேண்டும் செய்யுளொன்று அதன் நடுவே மையால் எழுதப்பட்டுள்ளது. பொது மேடையிற் பெண் பேசுவது தகாதெனக் கருதப்பட்ட அக்காலத்தில் தையற் கூட்டமே பலருக்கு அரசியற் பள்ளியாயிற்று. பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தமையும், 1824இல் உடுவிலில் அது தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலே தையலும் கற்பிக்கப்பட்டமையும் நாம் அறிந்தவை. நமது பெண்கல்வி வரலாற்றில் ஊசிக்குரிய இடம் தனியே ஆராயத்தக்கது. இங்கு அதனைத் தொட்டுச் செல்வதோடு அமைவோம்.

மாதிரிகள் கைமாறிய விதம் நாட்டார் இலக்கியம் வாய்வழி பரவும் விதத்தை ஒத்தது. ஒரே வடிவம் மேற்குப் பென்சில்வேனியாவிற் 'கரடிப் பாதம்' எனவும், லோங் ஐலண்டில் 'சேற்றில் வாத்தின் பாதம்' எனவும், பிலடெல்பியாவின் குவேக்கர் சமயத்தவரிடையே 'நட்பின் கை' எனவும் வழங்கியதாக றூத் பின்லி 1929இல் வெளியிட்ட நூலிற் கூறுகிறார். ஆசிரியர் பெயர் எதற்கும் இல்லை. பாடபேதம் எல்லாவற்றுக்கும் உண்டு. அச்சுச் சாதனம் இதனைப் பெருக்கியது. கன்சாஸ் சிற்றி ஸ்டார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை வெளியிட்டது. அவற்றுட் பல கிராமப்புற வாசகியர் அனுப்பியவை. அனுப்பியவரின் பெயரும் ஊரும் உடன் அச்சாயின. பண்ணை வீட்டுப் பெண்ணொருத்தியின் பெயர் பத்திரிகையில் வருவதற்கு அந்நாளில் வேறு வழிகள் மிகச் சிலவே.

கூட்டறிவு வணிகத்தின் கைக்கு வந்தபோது நிகழ்ந்ததை 1933ஆம் ஆண்டுப் போட்டியொன்று தெளிவாகக் காட்டும். பெருமந்தத்தின் கொடிய ஆண்டு அது. தொழிலாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. சிக்காகோவில் நடைபெறவிருந்த உலகப் பொருட்காட்சியையொட்டிச் சீயேர்ஸ் றோபக் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனம் தேசிய ஒட்டுப்போர்வைப் போட்டியை அறிவித்தது. பரிசுத்தொகை மொத்தம் 7,500 டொலர். முதற் பரிசு 1,000 டொலர். ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. முதற் பரிசு கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரனைச் சேர்ந்த மார்கிறற் கேடன் என்பவருக்குக் கிடைத்தது. அவரது போர்வை சனாதிபதியின் துணைவியார் எலினோர் றூஸ்வெல்ற்றுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அது இருக்குமிடம் தெரியவில்லை.

போட்டிக்கு வருவது போட்டியாளரின் சொந்த வேலையாக இருத்தல் வேண்டும் என்பது விதி. கேடனோ அதிற் தைக்கவில்லை. தைத்தவர்கள் அவர் குறைந்த கூலிக்கு அமர்த்திய பெண்கள். ஆயிரம் டொலரில் அவர்களுக்குப் பங்கில்லை, பெயரிலும் பங்கில்லை. அவர்கள் வாய் திறக்கவுமில்லை: அந்த ஆண்டிற் கூலிவேலையை இழக்க எவரும் துணியார். பார்பரா பிறக்மன், மெரிக்கே வால்ட்வோகல் ஆகிய இரு ஆய்வாளர்கள் இப்போட்டி பற்றி 1993இல் வெளியிட்ட நூலிலே இச்செய்தி விரிவாகப் பதிவாயிற்று.

இதனை ஒரு தனிமனிதரின் வஞ்சகமாக மாத்திரம் கொண்டால் நாம் அதிகம் அறிந்தவராகோம். சட்டத்தைச் சுற்றியிருந்து தைத்த போர்வைக்கு உரியவள் ஒருத்தியாயினும், அடுத்த மாதம் அவளும் அயலவளின் சட்டத்தில் அமர்வாள். உழைப்பு உழைப்பாலேயே ஈடுசெய்யப்பட்டது. பரிசுப்போட்டி அந்த ஈட்டினை அறுத்தது. பலர் கையால் ஆவதே வழமையான ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பெயரை அது கேட்டது. பணமுடையவரின் பெயரே அங்கு எழுதப்பட்டது.

இதற்கு முற்றிலும் மாறானதொரு ஒழுங்கு அதன் பின்னர் அஞ்சல் வழியே வளர்ந்தது. அதனைச் சுற்றுப்பொதி எனலாம். மாதிரிகளும் கடிதங்களும் அடங்கிய பொதியொன்று ஒருத்தியிடம் வரும். தனக்கு வேண்டியவற்றை அவள் மெல்லிய தாளிற் பிரதிசெய்து கொள்வாள்; தனது பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாள்; தன்னிடமுள்ள வேறொரு மாதிரியையும் சேர்த்து அடுத்தவளுக்கு அனுப்புவாள். ஒருவரையொருவர் நேரிற் காணாத பெண்கள் இவ்வாறு ஒரு வட்டத்தினராயினர். எடுப்பவள் வைக்கவும் வேண்டும் என்பதைத் தவிர அதற்குச் சட்டம் இல்லை. ஆலைப்போர்வை கடைதோறும் கிடைத்த 1950களில், 'பழங்காலத்து வேலை' என ஏளனம் செய்யப்பட்ட தையற்கலையை அழியாது காத்ததில் இவ்வட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. 4,000க்கு மேற்பட்ட மாதிரிகளை வகைப்படுத்திப் பிறக்மன் வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற ஆய்வுகளுக்கு அடித்தளம் இட்டதும் இவ்வாறு சேகரித்த பெண்களின் உழைப்பே. பல்கலைக்கழகங்கள் திரும்பியும் பாராத ஒரு துறையில் ஆவணக்காப்பாளராக அவர்கள் இருந்தனர்.

அலபாமாவின் வில்கொக்ஸ் பகுதிக் கறுப்பினப் பெண்களின் அனுபவம் வேறுவகையானது. வாக்குரிமை கேட்டதற்காக நிலத்திலிருந்தும் வேலையிலிருந்தும் துரத்தப்பட்ட மக்கள் அவர்கள். ஜீஸ் பென்ட் ஊருக்கான படகுச்சேவை 1962இல் நிறுத்தப்பட்டது. 2006 வரை அது மீளவில்லை. 1966இல் அப்பெண்கள் 'விடுதலைக் கூட்டுத்தையல்' என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். எஸ்ரெல் விதர்ஸ்பூன் அதனை நீண்டகாலம் நடத்தினார். பழைய கூட்டுத்தையலின் பெயரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்; ஆனால் உழைப்புக்குக் கூலியும், நிறுவனத்தில் உரிமையும் கோரினார்கள். 1969இல் மார்ட்டின் லூதர் கிங் பெயரால் தமக்கென ஒரு தையற்கூடம் கட்டினர்.

நியூ யோர்க் கடைகள் அவர்களது போர்வைகளை விரும்பின; ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்கவேண்டும் என்றன. பழைய வேலையாடைகளைக் கிழித்து, கண்ணுக்குத் தோன்றியபடி இணைத்துப் பழகிய கைகளுக்கு அளவுகோலும் ஒரே நிறமும் விதிக்கப்பட்டன. 1972இற் சங்கம் ஒரு பெரிய ஒப்பந்தத்தைப் பெற்றது: கோடுறோய்த் துணியில் தலையணையுறை தைக்கும் வேலை. தந்த நிறுவனம், 1933இற் போட்டி நடத்திய அதே சீயேர்ஸ். ஆக்கத்திறனுக்கு அதில் இடமில்லை. எனினும் வருமானம் ஒழுங்காக வந்தது, அதனை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. சங்கம் 2012 வரை நிலைத்தது.

அந்த உறைகள் இன்று எங்கும் போற்றப்படுவதாகத் தெரியவில்லை. வெட்டியபின் எஞ்சிய கோடுறோய்த் துண்டுகளையோ பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். தாய்மாரிடமும் அயலவரிடமும் கற்றபடி, எவரது அளவுக்கும் கட்டுப்படாது, தம் பிள்ளைகளுக்குப் போர்வை தைத்தனர். 2002இல் ஹூஸ்ரன் அரும்பொருளகத்திலும் பின்னர் நியூ யோர்க்கின் விற்னி அரும்பொருளகத்திலும் ஜீஸ் பென்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அக்கழிவுத் துணியில் ஆன போர்வைகளும் அவற்றினிடையே, தைத்தவரின் பெயரோடு, சுவரில் தொங்கின.