ஈர்ப்பு வில்லை: பேரடைகளின் நிறை காணும் முறை

தொலைவிலுள்ள ஓர் ஒளிமூலத்துக்கும் நமக்கும் நடுவே விண்மீன் பேரடை ஒன்று குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பால் ஒளியின் பாதை வளைகிறது. பின்னால் இருக்கும் பொருள் வில் போலவோ, இரண்டு அல்லது நான்கு உருவங்களாகவோ, முழு வளையமாகவோ தெரிகிறது. இதுவே ஈர்ப்பு வில்லை விளைவு. வளைவின் அளவு குறுக்கே நிற்கும் பேரடையின் மொத்த நிறையைப் பொறுத்தது. அந்த நிறை ஒளிர்கிறதா இல்லையா என்பது ஒரு பொருட்டல்ல. சுருள் பேரடைகளின் நிறையைச் சுழற்சி வேகத்தைக் கொண்டே கணித்துவிடலாம். ஒழுங்கான சுழற்சி இல்லாத நீள்வட்டப் பேரடைகளில்தான் இந்த முறையின் அருமை தெரியும்.

சூரியனை உரசிவரும் ஒளி 0.84 விகலை வளையும் என்று நியூட்டன் இயற்பியலின்படி 1801இல் கணித்தவர் ஜெர்மானியரான சோல்ட்னர். (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு.) ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் 1915இல் இதை இரு மடங்காக்கியது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பி தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் எடுத்த படங்கள் ஐன்ஸ்டைனின் பக்கம் சாய்ந்தன.

ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு வில்லையாகலாம் என்று 1936இல் சிறு கட்டுரை எழுதிய ஐன்ஸ்டைன், அதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்றே முடித்தார். விண்மீன்களை மட்டும் நினைத்ததால் வந்த அவநம்பிக்கை அது. மறு ஆண்டே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, பேரடைகளை வில்லையாகக் கொண்டால் விளைவு எளிதில் தென்படும், அவற்றின் நிறையையும் நேரடியாக அளக்கலாம் என்றார். கோமா பேரடைக் கொத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகமான நிறை இருக்க வேண்டும் என்று 1933இல் சொன்னவரும் அவரே. ஆகவே நிறையை அளக்கும் ஆவல் அவருக்கு இருந்ததில் வியப்பில்லை. அவர் 1974இல் மறைந்தார்; முதல் ஈர்ப்பு வில்லை கிடைத்தது 1979இல்.

அந்த ஆண்டு டென்னிஸ் வால்ஷ், ராபர்ட் கார்ஸ்வெல், ரே வெய்மன் மூவரும் பெருங்கரடி விண்மீன் குழுவில் 6 விகலை இடைவெளியில் இருந்த இரு குவேசார்களின் (மிகத் தொலைவில் பேரொளி வீசும் பேரடை மையங்களின்) நிறமாலையைப் பதிந்தார்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. தொலைவைக் காட்டும் செம்பெயர்ச்சியும் (ஒளியின் அலைநீளம் கூடியிருக்கும் அளவும்) ஒன்றே, சுமார் 1.4. ஒரே குவேசாரின் இரு உருவங்கள் அவை. குறுக்கே நின்ற பேரடையும் விரைவில் தென்பட்டது. ஆனால் நிறையை அளக்க இது தோதான இடமல்ல: அந்தப் பேரடை ஒரு கொத்தின் நடுவே இருந்ததால், கொத்தின் ஈர்ப்பும் சேர்ந்தே ஒளியை வளைத்தது. இரு உருவங்களின் ஒளியும் வெவ்வேறு பாதையில் வருவதால், ஓர் உருவத்தில் தெரியும் ஒளிமாற்றம் மற்றதில் எத்தனை நாள் கழித்துத் தெரியும் என்பதிலும் நீண்ட நாள் சர்ச்சை. 1990களில்தான் 417 நாள் என்று முடிவானது.

வில்லையும் மூலமும் நம் பார்வையில் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் வளையம் தோன்றும். ஐன்ஸ்டைன் வளையம் எனப்படும் இதை 1988இல் ஜாக்குலின் ஹியூயிட் குழுவினர் வானொலி அலைகளில் முதன்முதலாகக் கண்டார்கள். இரு பொருள்களின் தொலைவும் தெரிந்தால், வளையத்துக்குள் அடங்கிய நிறை ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது: தொலைவுகள் மாறாமல் ஆரம் இரட்டித்தால் நிறை நான்கு மடங்கு. பேரடையின் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்ற ஊகம் இதற்கு அதிகம் தேவையில்லை. வளையத்துக்கு வெளியே உள்ள நிறையைப் பற்றி அது சொல்வது சொற்பம்.

வெளிப்பகுதிக்கு வலுகுறைந்த வில்லை முறை உதவுகிறது. பின்னணிப் பேரடைகளின் உருவங்கள் மிகச் சிறிதளவே இழுபடும். தனித்தனியே பார்த்தால் தெரியாது, ஏராளமானவற்றின் சராசரியில்தான் தெரியும். டைசன் குழுவினர் 1984இல் முயன்று எட்டாததை, 1996இல் பிரெய்னர்ட், பிளாண்ட்ஃபோர்ட், ஸ்மெயில் கண்டறிந்தனர். இப்படிக் கிடைப்பது ஒருவகைப் பேரடைகளின் சராசரி நிறையே.

2000களில் ஸ்லோன் வான் அளவாய்வின் நிறமாலைகளில் இரு செம்பெயர்ச்சிகள் ஒன்றாகக் கலந்திருந்தவற்றை, அதாவது ஒரே திசையில் முன்னும் பின்னுமாக இரு பொருள்கள் இருந்தவற்றைப் பொறுக்கி, ஹபிள் தொலைநோக்கியால் சரிபார்த்தார்கள். இப்படிச் சேர்ந்த நீள்வட்டப் பேரடைகளில் ஒரு விந்தை தெரிந்தது. விண்மீன்களின் அடர்த்தியும், ஒளிராத நிறையான கரும்பொருளின் அடர்த்தியும் தனித்தனியே வெவ்வேறு விதமாகக் குறைந்தாலும், கூட்டுத்தொகை ஏறக்குறைய மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆய்வாளர்கள் இதைச் 'சதி' என்றே அழைக்கிறார்கள். ஏன் இப்படி என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட விடை இல்லை.

2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்லிட் தொலைநோக்கி, 1884இல் கண்டறியப்பட்ட என்ஜிசி 6505 பேரடையின் மையத்தைச் சுற்றி 2.5 விகலை ஆரமுள்ள முழு வளையத்தைப் படம்பிடித்தது. 2025இல் வெளியான ஆய்வின்படி அதற்குள் கரும்பொருளின் பங்கு சுமார் 11 விழுக்காடு மட்டுமே. பேரடை நமக்கு 59 கோடி ஒளியாண்டு தொலைவில், அதாவது அருகில், இருப்பதால் வளையம் அதன் உட்பகுதியிலேயே விழுகிறது. அங்கே விண்மீன்களின் ஆதிக்கம்தான்.