தோளில் தசைநாண் மாற்று அறுவை

தோள்மூட்டைச் சூழ்ந்து நின்று, கையைத் தூக்கவும் திருப்பவும் உதவும் நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்த உறைக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். இது பெரிதாகக் கிழிந்து, நாண் உள்ளிழுத்துக்கொண்டு, தசையில் கொழுப்பும் படிந்துவிட்டால் அதை மீண்டும் எலும்போடு தைப்பதில் பயனில்லை. அப்போது நலமாக உள்ள வேறொரு தசையின் நாணைப் பெயர்த்து மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் பொருத்துவதே இந்த அறுவை.

இந்த உத்தி முதலில் காலில்தான் தொடங்கியது. ஆஸ்திரியாவின் கார்ல் நிக்கோலடோனி 1880களின் தொடக்கத்தில், இளம்பிள்ளை வாதத்தால் செயலிழந்த கெண்டைக்கால் தசைக்கு ஈடாகப் பக்கத்துத் தசைநாண்களைக் குதிகாலுக்கு மாற்றினார். பின்னர் அது தோளுக்கும் வந்தது. பிரசவத்தின்போது நரம்பு சேதமாகி, கையை வெளிப்புறம் திருப்ப முடியாமல் போன குழந்தைகளுக்கு நியூயார்க்கின் ஜோசப் லெபிஸ்கோபோ இதைச் செய்து 1934இல் வெளியிட்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தியதும் நாண் மாற்றியே.

இவை அனைத்தும் வாதத்துக்கான சிகிச்சைகள். நரம்பு கெடாமல் நாண் மட்டும் அழிந்த தோளுக்கு இதைக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கெர்பர். 1988இல் அவர் முதுகின் அகன்ற தசையான லட்டிசிமஸ் டார்சியின் நாணைக் கழற்றி, மேற்கை எலும்பின் மேல்புறத்தில் பொருத்தும் முறையை வெளியிட்டார். கையைக் கீழிழுத்து உட்புறம் திருப்பிவந்த தசை, இனி அதை வெளிப்புறம் திருப்ப வேண்டும். மூளைக்கு இது குழப்பமான வேலைதான். மாதக்கணக்கில் பயிற்சி தேவை. ரொட்டேட்டர் கஃபின் முன்புறத் தசையான சப்ஸ்கேப்புலாரிஸும் கிழிந்திருந்தால் பலன் குறைவு என்பதையும் கெர்பரே எடுத்துக்காட்டினார். அந்த முன்புறக் கிழிசலுக்கு மார்புத் தசையின் நாணை மாற்றும் முறை 1990களில் வந்தது.

பின்னர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பாசெம் எல்ஹசன், கழுத்திலிருந்து முதுகுவரை பரவிய டிரப்பீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார். அதன் இழுவைத் திசை, ரொட்டேட்டர் கஃபின் பழுதான பின்புறத் தசையான இன்ஃப்ராஸ்பினேட்டஸின் திசையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. நாண் எட்டாத தூரத்துக்கு, இறந்தவரிடமிருந்து கொடையாகப் பெற்ற குதிகால் நாணைப் பாலமாக வைப்பார்கள். இயக்கவியல் நோக்கில் லட்டிசிமஸைவிட இது பொருத்தமான தேர்வு எனப் பலர் கருதுகின்றனர்.

பிரான்சின் பால் கிராமோன் 1985இல் உருவாக்கிய தலைகீழ்ச் செயற்கைத் தோள்மூட்டு பரவியபின் நாண் மாற்றின் எல்லை சுருங்கியது. முதியவர்களுக்கும் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இன்று பெரும்பாலும் அந்த மூட்டையே பொருத்துகிறார்கள். மூட்டு தேயாத, உழைக்கும் வயதினருக்கே நாண் மாற்று பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களில் பலருக்கு வலி குறைகிறது. பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.