மார்ஷல் ஒளித்துவைத்த ஆட்டம்

செய்தித்தாள் அலுவலகத்தில் ஒரு கதை நன்றாக இருந்துவிட்டால் அதைச் சரிபார்க்க எவரும் விரும்புவதில்லை. சதுரங்க உலகிலும் அப்படியொரு கதை உண்டு.

1909இல் கியூபாவின் கபபிளாங்கா என்ற இளைஞர், அமெரிக்காவின் முன்னணி வீரரான பிராங்க் மார்ஷலை நேர்ப்போட்டியில் 8 வெற்றி, 1 தோல்வி, 14 சமநிலை என்ற கணக்கில் வீழ்த்தினார். அவமானமுற்ற மார்ஷல் ஓர் இரகசிய ஆயுதத்தைத் தயாரித்து, கபபிளாங்காவுக்காகவே பல ஆண்டுகள் மறைத்துவைத்திருந்தாராம்.

அது வெளிப்பட்டது 1918 ஒக்டோபர் 23ஆம் திகதி, நியூயோர்க் சுற்றுப்போட்டியில். கபபிளாங்கா ஸ்பானிய ஆரம்பத்தை ஆடினார். எட்டாவது நகர்த்தலில் மார்ஷல், ராஜாவின் முன்னுள்ள காலாளைக் காக்காமல், ராணியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். ஒரு காலாளைப் பலிகொடுத்து, வெள்ளை ராஜாவின் மீது குதிரையையும் மந்திரியையும் ராணியையும் ஏவும் திட்டம் அது. வெள்ளையின் ராணிப்பக்கக் காய்களோ அப்போது இன்னும் வீட்டைவிட்டு வெளியேறவேயில்லை.

முன்கூட்டியே ஆராயப்பட்ட வலை இது என்பதைக் கபபிளாங்கா உணர்ந்தார். விலகிச் செல்ல வழியிருந்தும் காலாளை எடுத்தார். சவாலை ஏற்பது கௌரவப் பிரச்சினை என்று பின்னர் எழுதினார். 13ஆவது நகர்த்தலில் மார்ஷல் பலியாக நீட்டிய குதிரையை அவர் தொடவில்லை. ராணியை முன்னே கொண்டுவந்தார். எதிரி வீட்டில் பல நாள் ஆராய்ந்திருந்ததை, ஓடும் கடிகாரத்தின் முன் தனியொருவராகக் கண்டுபிடித்து, 36 நகர்த்தல்களில் வென்றார். 1916க்கும் 1924க்கும் இடையில் அவர் ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. அந்த எட்டாண்டில் அவர் மிக அருகில் ஆபத்தைக் கண்ட ஆட்டங்களில் இதுவும் ஒன்றென்பேன்.

ஆனால் அந்த இரகசியம்? 1917இலேயே மார்ஷல் இதே பலியை வோல்டர் ஃபிரியர் என்பவருக்கு எதிராக ஆடியிருக்கிறார். பல்லாண்டு மௌனம் என்ற கதைக்கு அந்த ஓர் ஆட்டத்தாளே போதிய மறுப்பு. எனினும் நூலுக்கு நூல் கதை தொடர்கிறது. எனக்கும் அதைக் கைவிட மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தோற்ற ஆட்டம் சாகவில்லை. 11ஆவது நகர்த்தலில் குதிரையைப் பின்வாங்காமல், ராணிப்பக்க மந்திரியின் முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளி அதைத் தாங்கும் முறை பின்னர் நிலைபெற்றது. 1965இல் தாலுக்கு எதிரான நேர்ப்போட்டியில் ஸ்பாஸ்கி கறுப்புக் காய்களுடன் இதையே நம்பினார். 1993இல் ஷோர்ட்டுடன் மோதிய கஸ்பரோவ், இதற்கு இடமே கொடுக்காமல் எட்டாவது நகர்த்தலில் வேறு வழியில் திரும்பினார்.