சுரங்கத்துக்குள் வெள்ளைக் கையுறை

2004 உலக ஸ்நூக்கர் இறுதியாட்டத்தில் ரொனி ஓசலிவன் 0-5 எண்டு பின்னால நிண்டார். பிறகு கிரேம் டொட்டை 18-8 என்று வென்றார். அந்த வருசம் அவருக்குப் பாதுகாப்பாட்டம் சொல்லிக்கொடுத்தவர் 71 வயதான ஒரு கிழவர், ரே ரியர்டன். எங்களில் கனபேருக்கு ஓசலிவனைத் தெரியும், இந்தக் கிழவரைத் தெரியாது. ஆனால் ஆறு முறை உலக சம்பியன் அவர்.

ஸ்நூக்கர் வெள்ளைக்கார அதிகாரிகளின் விளையாட்டாகத்தான் பிறந்தது. 1875 இல் ஜபல்பூர் இராணுவ முகாமில் நெவில் சேம்பர்லைன் என்ற அதிகாரி உருவாக்கினார் (பிரதமரானவர் வேற ஆள், பெயர்தான் ஒண்டு). அதன் விதிகளை எழுதித் தொங்கவிட்டது எங்கே தெரியுமா? ஊட்டி கிளப்பில். அந்த விளையாட்டு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் கைக்கு வந்தது எப்படி என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியமான கேள்வி.

வேல்ஸ் நிலக்கரி ஊர்களில் தொழிலாளர் தங்கள் சம்பளத்தில் சல்லி சேர்த்து மன்றங்கள் நடத்தினார்கள். நூலகம், மண்டபம், பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. 1932 இல் ட்ரெடீகரில் பிறந்த ரியர்டன் ஆடப் பழகியது அப்படியொரு மன்றத்தில்தான். 14 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். விரல்கள் கெட்டுப்போகக் கூடாதெண்டு நிலக்கரி வெட்டும்போதே வெள்ளைக் கையுறை போட்டாராம். மற்றவர்கள் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பார்கள், யோசிச்சுப் பாருங்கோ.

1950 முதல் 1955 வரை தொடர்ந்து ஆறு தடவை வேல்ஸ் அமெச்சூர் சம்பியன். ஆனாலும் வேலை சுரங்கத்தில்தான். 1957 இல் ஸ்டோக் பக்கத்துச் சுரங்கமொன்றில் கூரை இடிந்து மூன்று மணித்தியாலம் புதைந்து கிடந்தார். அசைய ஏலாது. மனம் பேதலிக்காமல் இருக்க, கற்பனையில் சகோதரனோடு போளை அடித்துக்கொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னார். அதோட சுரங்கத்தை விட்டுப் பொலிஸ்காரரானார்.

ரியர்டனின் பட்டங்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள், அந்தக் காலத்தில் போட்டியாளர்கள் குறைவு என்று சொல்லி மதிப்பைக் குறைக்கிறார்கள். அது முழுப் பொய்யில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கோ. 1957 க்குப் பிறகு 1964 வரை உலகத் தொழில்முறைப் போட்டி நடக்கவே இல்லை. பார்க்க ஆளில்லை, காசில்லை. ஒரு ஆட்டக்காரரின் மிக நல்ல வருசங்களில், அவர் ஏற வேண்டிய மேடையே இல்லாமல் இருந்தது. ஸ்டீவன் ஹென்ட்ரி தன் ஏழாவது பட்டத்தை 30 வயதில் வென்றார். ரியர்டன் தொழில்முறைக்கு வந்ததே 1967 இல், 35 வயதை நெருங்கும்போது. முதல் பட்டம் 1970 இல், 37 வயதில், ஜோன் ஸ்பென்சரை 37-33 என்று தோற்கடித்து. ஆறு பட்டங்களை எண்ணுகிறவர்கள் இந்தப் பறிபோன வருசங்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

பிறகு ரீவி வந்தது. கலர் ஒளிபரப்புக்கு ஏற்றதென்று பிபிசி 1969 இல் தொடங்கிய 'பொட் பிளாக்' நிகழ்ச்சியின் முதல் வெற்றியாளரும் இவர்தான். 1973 முதல் 1976 வரை நாலு வருசம் பட்டம் இவரிடமே. 1975 இறுதியாட்டம் அவுஸ்திரேலியாவில் நடந்தது. உள்ளூர்க்காரரான எடி சார்ல்டனோடு 30-30 வரை போய், கடைசி ஆட்டத்தில் வென்றார். சிகரட் கொம்பனி அனுசரணையில் நடந்த 1976 போட்டியில் அலெக்ஸ் ஹிக்கின்ஸை 27-16 என்று வென்றார். அவரைப் போலத் துள்ளித் திரிகிறவரில்லை ரியர்டன். எதிராளியை வெள்ளைப் பந்தால் மூலைக்குள் மடக்கி, பொறுமை இழக்க வைத்து, பிறகு சிரிப்பார். அந்தச் சிரிப்பும் முன்நெற்றி மயிரும் 'டிராகுலா' என்ற பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்தன.

கடைசி உலகப் பட்டம் 1978 இல், 45 வயதில். 1982 இறுதியாட்டத்தில் 15-15 வரை போய் ஹிக்கின்ஸிடம் 18-15 என்று தோற்றார். ஆனால் அதே வருசம் ஒக்ரோபரில், 50 வயது நிரம்பி இரண்டு கிழமையில், இன்னொரு தரவரிசைப் போட்டியின் இறுதியில் ஜிம்மி வைட்டை 10-5 என்று வென்றார். வைட்டுக்கு அப்ப 20 வயது. அவர் பிறந்த 1962 இல் ரியர்டன் ஸ்டோக்கில் பொலிஸ் உடுப்போட ரோந்து போய்க்கொண்டிருந்தார்.